வத்திப்போன ஏரியில மழை பேஞ்சதும் மீனு எங்கிருந்துங்க வருது?

பாலக்கோடு பையன்:
வணக்கம்ங்க. எங்க ஊர் ஏரி சித்திரையிலயே சுத்தமா வத்தி, கால் உள்ள போற அளவுக்கு வெடிப்பு விட்டுக் கெடந்துச்சு, பசங்க அதுலதான் கிரிக்கெட் ஆடுனானுங்க. ஆவணி கடைசியில நல்ல மழை, பாதி ஏரி ரொம்பிடுச்சு. கொஞ்ச நாள்லயே தூண்டில் போட்டவனுக்கு முக்கா சாண் நீளத்துல கொரவை மாட்டுது! யாரும் குஞ்சு விடல, குத்தகையும் இந்த வருசம் போகல. தாத்தா முட்டை மண்ணுக்குள்ளயே இருந்துச்சுங்கறாரு, அம்மா மழையோட விழுந்துச்சுங்கறாங்க. எது நெசம்?

ஏரிக்கரை:
தம்பி, அந்த முக்கா சாணுலயே பாதி பதில் இருக்கு. இப்ப பொரிஞ்ச குஞ்சா இருந்தா அதுக்குள்ள அவ்ளோ பெருசு ஆகாது, அது பழைய மீனு. கொரவை, விரால், தேளி இதெல்லாம் செவுளை மட்டும் நம்பி இல்ல, மேல வந்து காத்தையும் குடிக்கும். கொரவை, விராலுக்கு தலைக்குள்ள செவுளுக்கு மேல அதுக்குன்னே தனி அறை இருக்கு. தண்ணி கொறைய கொறைய மதகுகிட்ட இருக்கற பள்ளத்து சேத்துல போய் பொதைஞ்சுக்கும், ஒடம்பு ஈரமா இருந்தா போதும், தாக்கு புடிக்கும். முழுசா காஞ்சா அதுவும் சாவுதான். மழை வந்தா ஈரப்புல்லுல நெளிஞ்சுகிட்டே பக்கத்து குட்டையில இருந்தும் ஏறி வரும், மேல் ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போனா அந்த வாய்க்கால் தண்ணியிலயும் வரும்.

தாத்தா சொல்ற மாதிரி காஞ்ச மண்ணுல முட்டையா கெடந்து மழைக்கு பொரியற மீனும் உண்டு, கில்லிஃபிஷ்னு பேரு, ஆனா அது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம். நம்ம கட்லா, ரோகு முட்டையெல்லாம் தண்ணியிலயே ஒரு நாளுக்குள்ள பொரிஞ்சுடும், காஞ்சா அவ்ளோதான்.

அரூர் வாசி:
அப்ப கொக்கு, நாரை கால்ல ஒட்டிகிட்டு முட்டை வருதுன்னு சொல்றாங்களே அது?

ஏரிக்கரை:
கால்ல ஒட்டி வர்றதுக்கு நல்ல ஆதாரம் நான் பாக்கல. ஆனா வயித்து வழியா வரலாம். 2020ல ஹங்கேரியில வாத்துக்கு கெண்டை முட்டையை ஊட்டி எச்சத்தை சோதிச்சாங்க, ஆயிரத்துக்கு ரெண்டு முட்டைதான் முழுசா வெளிய வந்துச்சு, மொத்தத்துல மூணுதான் பொரிஞ்சுது. நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியாது, ஆனா உங்க ஏரி கொரவைக்கு அது பதில் இல்ல.

மாந்தோப்பு அக்கா:
மீனை மட்டும் பேசிட்டே போறீங்களே. நாங்க கிருஷ்ணகிரி பக்கம், கோடையில ஏரி வண்டல் அடிச்சு மாந்தோப்புல கொட்டுனோம், கட்டிய ஒடைச்சா உள்ள நத்தை, வாயில கெட்டியா மூடி போட்டுகிட்டு கல்லு கணக்கா. வாளித் தண்ணியில போட்டேன், ரொம்ப நேரம் சும்மா கெடந்து அப்புறம் மெதுவா மூடிய தள்ளிட்டு கொம்பை நீட்டுச்சு! அதுக்கு செவுளும் இருக்காம், நொரையீரலும் இருக்காம். மண்ணுத்தவளையும் வந்துச்சு, பின்னங்கால் அடியில மம்பட்டி மாதிரி ஒரு முண்டு, அத வெச்சு பின்னாடியே தோண்டிகிட்டு எறங்கும். மொத பெருமழை அன்னிக்கு ராத்திரி தூங்க விடாம கத்துதே, அதுல பாதி இதுங்கதான். பெரிய தவளை ஆம்பளை அன்னிக்குப் பாத்தா மஞ்சளா இருக்கும்.

ஏரிக்கரை:
அக்கா சொன்னது முக்கியம். நாம காஞ்ச ஏரின்னா செத்த ஏரின்னு நெனைச்சுட்டு ஜேசிபிய விட்டு கரையோட கரை ஒரே மட்டமா வழிச்சு எடுத்துடறோம். மதகு பள்ளத்தையாவது விடலாம்.

அரூர் வாசி:
அது சரி சார், ஆனா தூர் வாரலன்னா தண்ணி எங்க நிக்கும்? எங்களுக்கு போர்ல தண்ணி வரணும்ல, கொரவைக்காக ஏரிய மேடாவே விட முடியுமா.

ஏரிக்கரை:
வாரவே கூடாதுன்னு சொல்லலீங்க. ஒரு பக்கம் இந்த வருசம், மறுபக்கம் அடுத்த வருசம்னு எடுத்தா ஆழமும் கெடைக்கும். இன்னொண்ணு தம்பி, குளத்துல ஆப்பிரிக்க கெளுத்தி கண்ணுல பட்டா திருப்பி உள்ள விடாதீங்க. வளக்கத் தடை போட்ட மீனு, அதுவும் காத்து குடிக்கும், தண்ணி கொறையறப்ப மத்தது சாவும், இது தின்னுகிட்டே இருக்கும்.

பாலக்கோடு பையன்:
மீசை நீளமா, கருப்பா, தலை தட்டையா ஒண்ணு போன வாரம் மாட்டுச்சுண்ணா, பாவம்னு விட்டுட்டானுங்க...