கெர்பரோஸ் என்எஃப்எஸ் ஹோம்: எஸ்எஸ்ஹெச் சாவியில் நுழைந்தால் 'அனுமதி இல்லை'

கேள்வி: ஹோம் டைரக்டரிகள் (பயனர்களின் சொந்தக் கோப்புறைகள்) கெர்பரோஸுடன் (டிக்கெட் மூலம் ஆளை உறுதிசெய்யும் முறை) என்எஃப்எஸ் 4-இல் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) மவுண்ட் ஆகின்றன. கடவுச்சொல்லில் நுழைந்தால் சரி. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) சாவியில் நுழைந்தால் ஹோம் திறக்கவில்லை. இரவு க்ரான் வேலைகளும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) நிற்கின்றன. ரூட்டாலும் (நிர்வாகிக் கணக்கு) படிக்க முடியவில்லையே?

பதில் 1: சாவி ஆளை அடையாளம் காட்டும், கெர்பரோஸ் டிக்கெட் (காலவரையுள்ள அனுமதிச் சான்று) தராது. கடவுச்சொல் என்றால் பாம் (நுழைவைச் சரிபார்க்கும் அமைப்பு) மாட்யூல் டிக்கெட் வாங்கிவிடுகிறது. என்எஃப்எஸ் சர்வர் பார்ப்பது டிக்கெட்டை மட்டும்தான். உங்கள் ரூட்டுக்கு அங்கே மரியாதை கிடையாது. பொதுச்சாவிகளை உள்ளூர் வட்டுக்கு மாற்றி, நுழைந்ததும் கேஇனிட் (டிக்கெட் வாங்கும் கட்டளை) ஓட்டுங்கள். ஜிஎஸ்எஸ்ஏபிஐ (எஸ்எஸ்ஹெச் கெர்பரோஸைப் பயன்படுத்தும் இடைமுகம்) வழியாக டிக்கெட்டைக் கூடவே அனுப்புவது இன்னும் நல்லது. ஃபார்வர்டபிள் (வேறு கணினிக்கு அனுப்பத்தக்க) டிக்கெட்டாக இருக்கணும்.

பதில் 2: க்ரானுக்குக் கீடேப் (கடவுச்சொல் கேட்காமல் டிக்கெட் வாங்க உதவும் சாவிக் கோப்பு), அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத), அதுவும் உள்ளூர் வட்டில். ஹோமில் வைத்தால் பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் பூட்டிய கதைதான். நீண்ட வேலைகளை கே5ஸ்டார்ட் (டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் நிரல்) மூலம் ஓட்டுங்கள், டிக்கெட் காலாவதியாகி நடுவில் எழுத்து நிற்காது.

பதில் 3: கடிகாரத்தையும் பாருங்கள். வழக்கமான அமைப்பில் கணினிகளின் நேரம் ஒன்றுக்கொன்று 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் டிக்கெட் செல்லாது.