டபிள்யூ-30 இல்லாமல் லியம் ஹவ்லெட் உண்டா?

மின்விசை:
என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லியம் ஹவ்லெட் பாட்டமைக்கும் பிரிட்டிஷ் மின்னணு நடன இசைக்குழு தி ப்ராடிஜி. அதன் முதல் ஆல்பம் 'எக்ஸ்பீரியன்ஸ்' (1992). அந்த ஆல்பத்தின் சத்தத்தில் பாதி ஹவ்லெட்டுடையது, மீதிப் பாதி ரோலண்ட் டபிள்யூ-30 என்ற கருவியுடையது. கீபோர்டு, ஒலித் துணுக்கைப் பதிந்து திரும்ப வாசிக்கும் சாம்ப்ளர், அவற்றை வரிசையாக அடுக்கி ஓட்டும் 16 டிராக் சீக்வென்சர் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும். ஒலித்தரம் 12 பிட், அதாவது சிடியைவிடக் குறைவு. முழுத் தரத்தில் பதிந்தால் சுமார் 14 நொடியில் நினைவகம் நிரம்பிவிடும். டிரம், குரல், பேஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு அடியும் அவ்வளவு குறுகலாக, அவ்வளவு முரடாக விழுகிறது. பழைய பெட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாம் என்றிருக்கிறேன்.

தாளக்கட்டு:
வாங்காதீங்க நண்பரே. அதே பெட்டி அன்னைக்கு எத்தனையோ பேர் வீட்ல இருந்தது, அவங்க எல்லாரும் 'எக்ஸ்பீரியன்ஸ்' பண்ணலையே! ஹவ்லெட் சின்ன வயசுல பியானோ படிச்சவர். பதின்வயசுல ரேடியோப் பாட்டை கேசட்ல பிடிச்சு, பதிவை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனை அழுத்தி அழுத்தியே மிக்ஸ் பண்ணினவர். அப்புறம் கட் 2 கில்னு ஒரு ஹிப்ஹாப் குழுவுல டிஜே. பெட்டி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தக் காது தயாரா இருந்தது. எதை எங்கே வெட்டணும்னு பெட்டி சொல்லித் தராது.

பழைய டேப்:
இருவருமே வேலை நடக்கும் விதத்தைத் தொடவில்லை. பழைய ஃபங்க் இசைத்தட்டில் டிரம் மட்டும் ஒலிக்கும் இடத்தைத்தான் பிரேக் என்பார்கள். அது நிமிஷத்துக்கு 110 அடி வேகத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ரேவ் என்ற இரவு நடன விருந்துக் கூட்டத்துக்கு 140 வேண்டும். அந்தக் காலத்துச் சாம்ப்ளரில் வேகத்தை ஏற்றினால் ஸ்ருதியும் கூடவே ஏறும், ஏறக்குறைய ரெண்டு கட்டை. குரலுக்கும் இதே கதிதான். அந்தக் காலப் பாட்டுகளில் குழந்தை கீச்சிடுவது போலக் கேட்கும் குரல்கள் இப்படி வந்தவைதான்.

இன்னொரு வழியும் அப்போது பலரிடம் இருந்தது. நிமிஷத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிவார்கள், பிறகு கீபோர்டில் கீழ்க்கட்டையில் வாசிப்பார்கள். 14 நொடி இடத்தில் 19 நொடி சரக்கு அடங்கிவிடும். ஆனால் கீழே இறக்கும்போது மணல் கொட்டினாற்போல ஒரு கரகரப்பு ஏறிக்கொள்ளும். அந்தக் கரகரப்பு எனக்கு உயிர். அதைக் குறை என்று யாராவது சொன்னால் மனசு கேட்காது.

மின்விசை:
நான் சொன்னதும் இதைத்தான் ஐயா. கரகரப்பைக் கொடுத்தது பெட்டி.

தாளக்கட்டு:
கொடுத்தது பெட்டி, வெச்சுக்கிட்டது அவர். சரி, ப்ராடிஜியோட 2004 ஆல்பத்துக்கு என்ன சொல்றீங்க? மடிக்கணினியில ரீசன் மென்பொருளை வெச்சுப் பெரும்பகுதி எழுதினார். அதுவும் பிரிட்டன்ல முதலிடத்துக்குப் போச்சே.

மின்விசை:
முதலிடம் விற்பனைக் கணக்கு, சத்தத்தின் கணக்கு இல்லை. 1994இன் 'மியூசிக் ஃபார் தி ஜில்டட் ஜெனரேஷன்', 2004 ஆல்பம் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதலாவதில் டிரம் நெஞ்சில் இடிக்கிறது. இரண்டாவதில் அந்த இடி எனக்குக் கிடைக்கவில்லை.

நள்ளிரவு வண்டி:
பெட்டி, காது என்று பேசுகிறீர்கள், ஆடினவர்களை விட்டுவிட்டீர்களே. ஹவ்லெட்டின் ஊர் எசெக்ஸில் உள்ள பிரெய்ன்ட்ரீ. அந்தப் பக்கத்து ரேவ்களில் அவர் இசைத்தட்டு போடுவார். கீத் ஃபிளின்ட் அவரிடம் ஒரு மிக்ஸ் டேப் கேட்டார். கிடைத்த கேசட்டின் மறுபக்கத்தில் ஹவ்லெட்டின் சொந்தப் பாட்டுகள். அதைக் கேட்டுத்தான் ஃபிளின்ட்டும் லீராய் தார்ன்ஹில்லும் மேடையில் ஆட வருகிறோம் என்றார்கள். குழு பிறந்ததே அப்படித்தான். ஆட்கள் எந்த இடத்தில் கை தூக்குகிறார்கள் என்று வாரம்தோறும் பார்த்தவருக்குத்தான் எங்கே டிரம்மை நிறுத்த வேண்டும் என்று தெரியும். 1994இல் அரசு சட்டமே கொண்டுவந்தது. 'திரும்பத் திரும்ப வரும் தாளங்கள்' என்று இசைக்கு விளக்கம் எழுதி, திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 'ஜில்டட்' ஆல்பத்தில் இருக்கும் கோபம் எந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை.

பழைய டேப்:
ஃபிளின்ட் 2019இல் இறந்துபோனபோது அந்தக் கேசட்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மின்விசை, வாங்குவதாக இருந்தால் ஃப்ளாப்பி டிரைவை நேரில் ஓட்டிப் பாருங்கள். என் பழைய சாம்ப்ளரில் அதுதான் முதலில் போனது. மூன்று வருஷ வேலை வட்டுகளிலேயே மாட்டிக்கொண்டது.

தாளக்கட்டு:
அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. கணினியில அந்தப் பெட்டி மாதிரியே 12 பிட், 30 கிலோஹெர்ட்ஸ் பதிவுத்தரம், மொத்தம் 14 நொடின்னு கட்டுப்பாடு வெச்சு ஒரு பாட்டு முடிங்க. முடிச்சா வாங்குங்க, நான் வாயே திறக்கல.

மின்விசை:
சரி, ஒரு மாதம் பார்க்கிறேன். ஆனால் கணினியில் ராத்திரி ரெண்டு மணிக்குக் கை சும்மா இருக்காது, 14ஐ 20 ஆக்கிவிடும். அந்தப் பெட்டியில் அதற்கு வழியே இல்லை. நான் காசு கொடுக்க நினைப்பது அதற்குத்தான்.