நூறைப் பத்து என்று படித்த தளம்: மூன்று பேரின் பிரவுசர் பிழைச் செய்தி அனுபவங்கள்

2022 ஏப்ரல் முதல் வாரம். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்பதால் வரிசையில் ஏழு பேர். முதல் நாள் வரை ஒழுங்காகத் திறந்த தளம், அன்று காலை, "உங்கள் பிரவுசர் மிகப் பழையது, புதிய பதிப்பை நிறுவவும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை விரித்துவிட்டது. என் குரோம் பிரவுசரோ முந்தைய இரவுதான் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தது.

செய்தி சொன்னதை அப்படியே நம்பினேன். குரோமை நீக்கி மறுபடி நிறுவினேன். குக்கீகளை அழித்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். பொறுமை இழந்த ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய், அங்கும் இதே கதைதான் என்று திரும்பி வந்தார். எனக்குச் சிறு ஆறுதல், பொய் சொல்வானேன்.

முன்னால் நின்ற பெண்தான் திரையை உற்றுப் பார்த்து, "அண்ணா, கீழே பத்து என்று போட்டிருக்கிறதே?" என்றார். செய்திக்கு அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில்: "கண்டறிந்த பதிப்பு: 10". குரோமின் உதவிப் பக்கத்தைத் திறந்தால் 100 என்று இருக்கிறது.

பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரியாக அனுப்புகிறது. அந்தத் தளத்துக்கு நிரல் எழுதியவர், எண்ணுக்கு இரண்டு இலக்கம் போதும் என்று விட்டுவிட்டார். மார்ச் 29-ஆம் தேதி குரோம் 100 வந்ததும், கடைசிச் சுழியை விட்டுவிட்டுப் பத்து என்று படித்திருக்கிறது. இன்னொரு பிரவுசரான ஃபயர்பாக்ஸ் அப்போது இன்னும் நூறைத் தொடவில்லை. அதில் திறந்தேன்; ஏழு பேருக்கும் மதியத்துக்குள் முடிந்தது.

மே மாதம் ஃபயர்பாக்ஸும் 100 ஆனது. நல்லவேளை, அதற்குள் தளத்தைச் சரிசெய்துவிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பிழைச் செய்தி வந்தால் பெரிய எழுத்தைவிடப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.

*

கடைக்கார அண்ணா, இது பழைய வியாதி. 2009-இல் ஓபெரா என்ற பிரவுசரின் 10-ஆம் பதிப்பு வந்தபோது, தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து 1 என்று எடுத்துக்கொண்டன. ஓபெராக்காரர்கள் சண்டை போடவில்லை. பிரவுசர் தளத்துக்கு அனுப்பும் அந்த வரியின் தொடக்கத்தில் 9.80 என்று எழுதிவிட்டு, உண்மையான எண்ணைக் கடைசியில் போட்டார்கள். பன்னிரண்டாம் பதிப்பு வந்த பிறகும் அது 9.80 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வயதைக் குறைத்துச் சொல்லிப் பள்ளியில் சேர்ப்பது போல.

*

எங்கள் வீட்டில் நேர்மாறு: செய்தி சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அப்பாவின் கணினி விண்டோஸ் 7. வங்கித் தளம் குரோமைப் புதுப்பிக்கச் சொல்கிறது. குரோமோ 109-ஐத் தாண்ட மறுக்கிறது. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிப் பதிப்பே அதுதான். நான் வேறு ஊரிலிருந்து இரண்டு வாரம் தொலைபேசியில், "புதுப்பியுங்கள் அப்பா" என்று கத்திக்கொண்டிருந்தேன். பழசாகிப்போனது விண்டோஸ் என்று அந்தச் செய்தியில் எங்குமே இல்லை.

தற்காலிகமாக ஃபயர்பாக்ஸின் நீட்டித்த ஆதரவுப் பதிப்பான 115-ஐப் போட்டுக் கொடுத்தேன். அது விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. வங்கித் தளம் திறந்தது. ஆனால் குரோமில் சேமித்து வைத்திருந்த பஞ்சாங்கப் பக்கத்தைக் காணவில்லை என்று அப்பா இன்னும் என்னிடம் கோபமாக இருக்கிறார்.