1936 பெர்லின் எட்டுப்பேர் படகு: அந்தக் கதையில் நமக்குப் பட்ட குறியீடுகள்

1936 ஒலிம்பிக்கில் வென்ற அமெரிக்க எட்டுப்பேர் படகைப் பற்றி டேனியல் ஜேம்ஸ் பிரவுன் எழுதிய ‘தி பாய்ஸ் இன் தி போட்’ புத்தகத்தைப் படித்தவர்களின் குறிப்புகள் இவை. படகுப் போட்டி என்றதும் நமக்குக் கேரளத்துச் சுண்டன் வள்ளம்தான் நினைவுக்கு வரும். அதில் துழாவுபவர்கள் முன்பக்கம் பார்த்து உட்காருவார்கள். ஒலிம்பிக் எட்டுப்பேர் படகு நேர் எதிர். வலிக்கும் எட்டுப் பேரும் எல்லைக்கோட்டுக்கு முதுகு காட்டியே உட்கார வேண்டும். முன்னால் பார்ப்பவர் அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், சுக்கான் கயிற்றைப் பிடித்திருக்கும் காக்ஸ் ஒருவர் மட்டுமே. இதை மனதில் வைக்காமல் படித்தால் கதையின் பாதி கைநழுவிவிடும்.

1936 ஆகஸ்ட் 14, பெர்லினின் கிரூனாவ் பகுதியில் உள்ள லாங்கர் ஏரி, 2000 மீட்டர். அமெரிக்கா 6:25.4, இத்தாலி 6:26.0, ஜெர்மனி 6:26.4. சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் முதல் இரண்டு படகுகளுக்கும் இடைவெளி சுமார் 3 மீட்டர். படகின் நீளமோ 18 மீட்டருக்கும் மேல். அறிவிப்பு வரும்வரை, ஜெயித்தவர்களுக்கே ஜெயித்தது உறுதியாகத் தெரியாது. முதுகு காட்டி உட்காருவது என்ற படிமம் அந்தச் சில நொடிகளில்தான் முழு அர்த்தம் பெறுகிறது.

—

முதுகைப் பற்றி மேலே சொன்னது சரி. அதோடு இருக்கை எண்ணையும் பாருங்கள். படகின் முன்முனையான அணியத்திலிருந்து எண்ண ஆரம்பித்தால் அமரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் 8. அவர்தான் ‘ஸ்ட்ரோக்’, தாளம் அவருடையது. 7-ஆம் இருக்கைக்காரர் 8-இன் முதுகைப் பார்த்து, அதே தாளத்தைப் படகின் மறுபக்கத்துக்குக் கடத்த வேண்டும். அமெரிக்கப் படகில் அங்கே உட்கார்ந்தவர் ஜோ ராண்ட்ஸ். பதின்வயதில் குடும்பத்தால் கைவிடப்பட்ட பையன், யாரையும் நம்பாமல் வளர்ந்தவன். அடுத்தவன் முதுகை நம்பி வலிக்கும் இடம் அவனுக்கு. என் கணிப்பில் கதையிலேயே வலுவான குறியீடு இதுதான். முன்னால் 8-இல் இருந்த டான் ஹியூமோ அன்று கடும் நோயில் இருந்தவர்!

ஒத்திசைவை வெறும் ஒற்றுமைப் பாடமாகச் சுருக்கிவிட வேண்டாம். ஒருவர் துடுப்பைத் தாமதமாக எடுத்தாலே படகு ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கத்துத் துடுப்புகள் தண்ணீரில் உரசும். துடுப்பின் அலகு தப்பான கோணத்தில் இறங்கினால் தண்ணீர் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிடி திரும்பி வந்து நெஞ்சில் அறையும். இதற்கு ‘நண்டு பிடித்தல்’ என்று பெயர். ஒருவர் பிழைக்கு எட்டுப் பேரும் வேகத்தை இழக்கிறார்கள்.

—

மரத்தையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க அணியின் ‘ஹஸ்கி கிளிப்பர்’ படகைக் கட்டியவர் ஜார்ஜ் போகாக். படகின் தோலுக்கு, அதாவது வெளிப்பலகைக்கு, அவர் எடுத்தது அமெரிக்க மேற்குக்கரைச் சிவப்பு சீடர் மரம். மிக மெல்லிய பலகை. ஈரம் ஏறினால் அது நீள்வாக்கில் சற்றே விரியப் பார்க்கும், உள்ளே இருக்கும் அடிக்கட்டை விடாது. அந்த இழுபறியில் படகின் இரு முனைகளும் மிக லேசாக மேல்நோக்கி வளைந்து நிற்கும். படகுக்கு ஒரு துள்ளல் வரும். அடக்கி வைத்த அழுத்தமே உயிராகிறது. ராண்ட்ஸின் இளமையை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆசிரியர் விளக்கவே தேவையில்லை.

—

ஒலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிக்கு 1, இத்தாலிக்கு 2, காற்று குறைவாக அடித்த பாதைகள். அமெரிக்காவுக்கு 6, திறந்த காற்று. புறப்பாட்டுக் கட்டளை சரியாகக் கேட்காமல் தாமதமாகக் கிளம்பினார்கள். கடைசிக் கட்டத்தில் கூட்டத்தின் கூச்சலில் காக்ஸ் பாப் மோக்கின் குரல் அமுங்கிப்போக, சுக்கான் கயிற்றில் கட்டியிருந்த மரக்கட்டைகளால் படகின் பக்கத்தில் தட்டித் தாளம் கொடுத்தார். குரலை மூழ்கடிக்க முடிந்த கூட்டத்தால் மரத்தின் அதிர்வை மறைக்க முடியவில்லை. எட்டுப் பேரும் அதை உடம்பால் வாங்கிக்கொண்டார்கள்.

தன் குடும்பம் யூத வேர் கொண்டது என்று மோக்குக்கு அப்பாவின் கடிதம் வழியாகத் தெரிந்தது அந்த ஒலிம்பிக்கை ஒட்டித்தான். ஹிட்லர் பார்த்திருந்த அந்தப் போட்டியில், ஒன்பது பேரில் எல்லைக்கோட்டைப் பார்த்தபடி வந்தவர் அவர் மட்டுமே.