கடலோரத் தெருவுக்குப் பேவர் பிளாக்: போடும் முன் எதைக் கேட்டு வாங்குவது?

தெருவாசி (கீழக்கரை):
தெற்கு வடக்காக ஓடும் தெரு. நீளம் 180 மீட்டர், அகலம் 6 மீட்டர், மணல் தரை. கிணறுகளில் மழைக்காலத்தில் 7 அடியில் தண்ணீர். கோடையில் 12 அடிக்கு இறங்கி உவர்க்கிறது. கார்த்திகை மழையில் தெருக்கோடியில் தண்ணீர் கட்டும், சித்திரையில் ஒதுங்க நிழல் கிடையாது. பேவர் பிளாக் போட அளவெடுத்துவிட்டார்கள். என்ன கேட்க வேண்டும்?

மட்டக்கோல்:
முதலில் மட்டம். பழைய தளத்தைப் பெயர்த்து எடுக்காமல் மேலேயே போட்டால் தெரு உயர்ந்து, மழைநீர் வீட்டு வாசலுக்குள் வரும். முடிந்த தளம் எந்த வாசற்படிக்கும் அரையடியாவது கீழே நிற்கட்டும். குறுக்குச் சரிவு 50க்கு 1, அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு 6 சென்டிமீட்டர் இறக்கம்.

வாறுகால் (மழைநீர் வடிகால்) கட்டினால் எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், கேளுங்கள். கவர் குறைந்தால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து வாறுகால் மூடியைப் பிளந்துவிடும். கலவைக்கும் நனைப்புக்கும் உவர்நீர் கூடவே கூடாது.

ஊருணிக்கரை:
உங்கள் கிணற்று நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் அது 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும். மேலே 1 அடி இறங்கினால் அடியில் உப்பு அதே கணக்கில் ஏறும். கோடையில் உவர்ப்பதற்கு இதுவும் காரணம். தெருவை மூடுவது இந்த ஊற்றையே மூடுவதாகும்.

1 சென்டிமீட்டர் மழைக்கு உங்கள் தெருவில் மட்டும் 10,800 லிட்டர் விழுகிறது. ஓரமாக 18 மீட்டருக்கு ஒரு உறிஞ்சுகுழி, மொத்தம் 10: மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் 4 அடிக்குள். மழைக்கால நீர்மட்டத்துக்கு 3 அடி மேலேயே குழியின் அடி நிற்க வேண்டும். அதனால்தான் இந்த ஆழம். அடியில் 40 மில்லி ஜல்லி, அதன்மேல் 20 மில்லி, மேலே ஒரு அடி ஆற்று மணல். கடல் மணல் போட்டால் நாமே உப்பைக் கொட்டியதாகும். ஆடி, ஆவணியில் மேல்மணலைச் சுரண்டி மாற்றாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும்.

தெருத் தண்ணீரை நேரே கிணற்றில் விடாதீர்கள். எண்ணெயும் சாணமும் கலந்திருக்கும். கிணற்றுக்குக் கூரைத் தண்ணீர் போதும், அதிலும் முதல் மழையைக் கழித்துவிட்டு. கழிவறைக் குழியிலிருந்து கிணறு 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

நிழல்மரம்:
தெற்கு வடக்குத் தெரு என்றால் மரம் மேற்கு ஓரத்தில். பிற்பகல் வெயிலைத்தான் மறைக்க வேண்டும். பூவரசு, புன்னை, வேம்பு உப்புக்காற்றைத் தாங்கும். பூவரசைப் போத்தாக (வெட்டிய கிளையாக) நடாதீர்கள், ஆணிவேர் இல்லாமல் புயலில் சாயும், விதைக்கன்று வாங்குங்கள். மூன்றடிக் குழி, செம்மண்ணும் தொழு உரமும். அடிமரத்தைச் சுற்றி 4 அடிச் சதுரம் பிளாக் இல்லாமல் விடச் சொல்லி வரைபடத்திலேயே குறிக்கச் செய்யுங்கள். பிறகு கேட்டால் உடைத்துத் தர மாட்டார்கள்.

தெருவாசி:
மூவருக்கும் நன்றி. கான்கிரீட் படுகை இல்லாவிட்டால் தண்ணீர் லாரி ஏறி அமுங்கும் என்கிறார் ஒப்பந்ததாரர். சரியா?

மட்டக்கோல்:
அமுங்குவது அடித்தளம் இறுகாததால். கான்கிரீட் படுகை போட்டால் தண்ணீர் இறங்க வழியே இல்லை. மணல் தரைமேல் ஜியோ துணி (தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி), அதன்மேல் 20 சென்டிமீட்டர் ஜல்லி, பத்துப் பத்தாக இரண்டு அடுக்கில் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். பிறகு 4 சென்டிமீட்டர் சிப்ஸ் (பொடி ஜல்லி) படுகை. லாரி வருவதால் 80 மில்லி பிளாக், 60 தாங்காது. இடுக்கு 6 முதல் 10 மில்லிவரை விட்டு, அதிலும் சிப்ஸ். சிமென்ட் பூசக்கூடாது. இரு ஓரமும் கெர்ப் கல்லைக் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். அது தளர்ந்தால் பிளாக் வரிசை விலகி, லாரித் தடத்தில் குழி விழும். ஜல்லி மூடப்படும் முன் ஆழத்தை அளந்து படம் எடுத்துவையுங்கள்.