வேண்டாத ஜன்னலும் சோடா பாட்டிலும்: வீட்டுப் பசுமைக்குடில் அனுபவங்கள்

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

பழைய ஜன்னலை மூடியாகப் போட்ட பலகைப் பெட்டிக்குள் ஆகஸ்டில் மிளகாய், கத்தரி நாற்று விடப்போகிறவர்களுக்காக இந்த இழை. ஐரோப்பியக் காணொளிகளைப் பார்த்துக் கண்ணாடியைத் தெற்கு பார்த்து வைத்துவிடாதீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூன் குளிர்காலம், அப்போது சூரியன் வடக்கு வானில், நண்பகலில்கூட ஏறத்தாழ 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கே சாய்த்தால் உயரமான பலகையின் நிழல் முழுக்க நாற்றின் மேல்.

பழைய ஜன்னல் சட்டம் கிடைத்தால் முதலில் அதை அளந்துகொள்ளுங்கள், பெட்டி பிறகு. சட்டம் 120க்கு 60 செ.மீ. என்று வையுங்கள். வடக்குப் பலகை 30 செ.மீ. உயரம், தெற்குப் பலகை 50. அப்படியானால் பெட்டியின் உள் ஆழம் 56 செ.மீ., 60 அல்ல. சாய்வுக்குப் போகும் நீளத்தைக் கழிக்க மறந்தால் முன்பக்கம் இரண்டு விரல் இடைவெளி விழும், இரவுக் குளிர் அந்த வழியாகத்தான் இறங்கும். தெற்குப் பலகையில் இரண்டு கீல் போதும்.

பலகைக்குச் சரக்குத் தட்டு (சாமான் அடுக்கிவரும் பேலட்) மரம் நல்லது. அதில் அடித்த முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். ஜன்னலில் பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈயம் கலந்திருக்கலாம், அந்தத் தூள் கீரை மண்ணில் விழக்கூடாது. மேலே புதுப் பூச்சு ஒன்று அடித்து மூடிவிடுங்கள்.

தெற்குச் சுவரின் உள்பக்கம் தெர்மோகோல் பெட்டியை வெட்டி ஒட்டுங்கள். அதன் முன்னால் கறுப்பு பெயின்ட் அடித்த 2 லிட்டர் பாட்டில் பத்து, தண்ணீர் நிரப்பி வரிசையாக. இதைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள், ஆனால் 20 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி ஆறும்போது விடும் வெப்பம், ஓர் இரவுக்கு 10 வாட் பல்பு எரிந்த அளவுதான். ஒன்றிரண்டு டிகிரி தாங்கும். உறைபனி இரவில் உண்மையாகக் காப்பாற்றுவது மாலை நாலரைக்கே கண்ணாடி மேல் போடும் பழைய கம்பளி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

லெனேசியா அண்ணா சொன்னது குளிருக்குச் சரி. இந்த ஊரில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் சூடு. ஆகஸ்ட், செப்டம்பரில் பெர்க் காற்று டிராகன்ஸ்பர்க் மலையைத் தாண்டி இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது, வெளியிலேயே 30 டிகிரியைத் தாண்டிவிடும். மூடிய பெட்டிக்குள் 50 தொட ரொம்ப நேரம் பிடிக்காது. மறுநாளே குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரள், வந்து தலைகீழாகிவிடும். அதனால் மூடிக்கு முட்டுக்கட்டை ஒன்று, 5, 10, 15 செ.மீ. என்று மூன்று படி வெட்டியது, கட்டாயம். காலை ஒன்பதுக்குத் திறந்து மூன்றரைக்கு மூட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் சந்தேகமாக இருந்தால் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள். குளிரில் வாடிய நாற்று மீளலாம், வெந்த நாற்று மீளாது.

இடத்தையும் பாருங்கள். இந்த ஊர் பள்ளத்தில் இருக்கிறது, குளிர்காற்று தண்ணீர் போலத் தாழ்வுக்கு ஓடி வந்து தேங்கும். தோட்டத்தின் அடிக்கோடியை விட வீட்டு வடக்குச் சுவரோரம் மேல்.

சோடா பாட்டில்களைக் கோத்துப் பசுமைக்குடிலுக்குச் சுவர் கட்டுகிறவர்களுக்கு: 2 லிட்டர் பாட்டிலின் அடிப்பாகத்தை 4 செ.மீ. வெட்டி, மூடியை எடுத்துவிட்டு, கழுத்து மேலே இருக்கும்படி மூங்கில் குச்சியில் கோக்க வேண்டும். மேல் பாட்டிலின் வெட்டிய வாய் கீழ் பாட்டிலின் தோளைக் கவிந்து உட்காரும், ஓடு வேய்ந்தது மாதிரி மழை வழிந்தோடும். தலைகீழாகக் கோத்தால் ஒவ்வொரு பாட்டிலும் கிண்ணமாகித் தண்ணீரும் பாசியும் சேரும். ஒரு மீட்டர் அகலம், 115 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 50 பாட்டில். லேபிளை எடுக்கக் கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும், வெதுவெதுப்பான நீர் போதும். மிஞ்சும் பசைக்குச் சமையல் எண்ணெயும் ஆப்பசோடாவும் குழைத்துத் தேயுங்கள்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

கடற்கரையில் உறைபனி என்ற பேச்சே இல்லை, அதனால் இங்கே கண்ணாடிப் பெட்டி கட்டுவது வீண் வேலை என்பேன். 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா போதும்: அடியில் ஆணியைச் சுட வைத்து எட்டுத் துளை, மேலே கண்ணாடிபோன்ற நெகிழித்தாள், முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட வேண்டும். மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி வேண்டும், வெயில் படும் மூடிய டப்பாவுக்குள் அது இங்கே செப்டம்பரிலேயே பகலில் கிடைக்கும்.

நம் எதிரி ஈரம். நாற்று தண்டடியில் நூலாக இளைத்துச் சாய்ந்தால் நாற்றழுகல். தோட்டத்து மண்ணை அப்படியே போடுவதும், மாலையில் மேலே தண்ணீர் தெளிப்பதும்தான் முக்கியக் காரணம். டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் கால் மணி நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுங்கள், அதுவும் காலையில். ஒன்று சாய்ந்தால் சுற்றியுள்ளதையும் மண்ணோடு அள்ளி எறிந்துவிடுங்கள்.

குரங்குக்கு டப்பாவும் மூடியும் ஒரு பொருட்டே இல்லை, அக்கம்பக்கத்தவர்களுக்குத் தெரியும். கோழிவலைக் கூண்டை மேலே கவிழ்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள்.

லெனேசியா, மறுபடி

டர்பன்காரர்களுக்கு ஆலங்கட்டித் தொல்லை அவ்வளவு தெரியாது. அக்டோபர் தொடங்கி இங்கே மதிய இடிமழையோடு விழும், ஜன்னல் கண்ணாடி தாங்காது. கண்ணாடிக்கு 20 செ.மீ. மேலே நிழல் வலையை இறுக்கிக் கட்டுங்கள். தொய்வாகக் கட்டினால் கல் விழுந்து வலை கண்ணாடியையே அடிக்கும். சாதாரண பாலித்தீன் தாள் இந்த உயரத்து வெயிலில் ஒரு கோடையில் நொறுங்கிவிடும். பழைய குளியலறைக் கண்ணாடிக் கதவு கிடைத்தால் விடாதீர்கள், அது பெரும்பாலும் உறுதிப்படுத்திய கண்ணாடி. ஆனால் அதை அறுக்கப் பார்க்க வேண்டாம், வெட்டுப் பட்ட நொடியில் முழுதும் மணிமணியாக உதிரும். பெட்டியைத்தான் அதன் அளவுக்குக் கட்ட வேண்டும்.

நாற்றை வெளியே நட முன் பத்து நாள் பழக்குங்கள்: முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போய், கடைசி இரண்டு இரவும் மூடியே இல்லாமல்.