தரச்சான்று இருந்தும் ஆபத்தான பொருள் சந்தைக்கு வருவது எப்படி?

கேள்வி:
நுகர்பொருள் பாதுகாப்பு என்றாலே "தரநிலையைக் கடுமையாக்குங்கள்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சான்று வாங்கிய பொம்மையிலிருந்தே பட்டன் பேட்டரி கழன்று விழுகிறதே! சட்டத்தில் ஓட்டை எங்கே?

பதில் 1:
சான்று கிடைத்தது ஆய்வகத்துக்குப் போன மாதிரிக்கு. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் மெலிந்தாலோ திருகு மாறினாலோ யாருக்கும் தெரியாது. 3 வயதுக்குட்பட்டோர் பொம்மைக்கான சோதனை எளிதுதான்: 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் அழுத்தாமல் முழுசாக அடங்கும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு முன் பொம்மையைக் கீழே போட்டு, முறுக்கி, இழுத்து, உடைந்த துண்டையும் உருளையில் போட்டுப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருளில் செய்ய வேண்டும். கம்பெனி பொறுக்கித் தரும் மாதிரி தேறாமல் என்ன செய்யும்?

குழந்தை விழுங்கிய பட்டன் பேட்டரி கசிவதால்தான் புண் என்பது தவறு. உணவுக்குழாயின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்மின்முனைப் பக்கம் காரம் உண்டாகிறது. 2 மணி நேரத்திலேயே கடுமையாக வெந்துவிடும். எனவே மூடிக்குத் திருகு அவசியம். கழற்றினாலும் அது மூடியிலேயே நிற்க வேண்டும்.

பதில் 2:
பெரிய ஓட்டை தகவலில் இருக்கிறது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் 6(பி) பிரிவைப் பாருங்கள். தயாரிப்பாளரை அடையாளம் காட்டும் தகவலை வெளியிடுமுன் ஆணையம் அவருக்கு அறிவித்து, பொதுவாக 15 நாள் காத்திருக்க வேண்டும். அவர் ஆட்சேபிக்கலாம், நீதிமன்றமும் போகலாம். விளைவு, எச்சரிக்கையின் வாசகமே பேரம் பேசி எழுதப்படுகிறது. என்னைக் கேட்டால் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

பதில் 3:
ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுப் பொருள் பாதுகாப்பு விதியையும் ஒப்பிடுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பில் "தன்னார்வமாக", "முன்னெச்சரிக்கையாக" போன்ற, ஆபத்தைக் குறைத்துக் காட்டும் சொற்களுக்கு இடமில்லை. அதிகாரிகள் உத்தரவிட்டால் இணையச் சந்தைகள் 2 வேலை நாளுக்குள் செயல்பட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
திரும்பப் பெற வேண்டிய பொருளை அடையாளம் காண, பேட்ச் எண் (ஒன்றாகத் தயாரான தொகுதியின் எண்) பெட்டியில் இருந்தால் போதாதா?

பதில் 3:
போதாது. பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். பொருளின் மேலேயே அழியாத குறி வேண்டும்: தயாரிப்பாளர், இடம், தேதி, பேட்ச். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகள் பொருளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. குறி இல்லையென்றால், தன் வீட்டில் கிடப்பது அந்த பேட்ச்தானா என்று வாங்கியவருக்கே தெரியாது.